தள்ளி நின்று எடுத்த படம்

தேவசிகாமணி என்று பெயரைச் சொன்னால் ஏற்காட்டில் இன்று யாருக்கும் தெரியாது. 'குழாய்க்காரர்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆளைக் காலி பண்ற குழாய்க்காரருங்களா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் என் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லது. அவர் கடையைப் பூட்டிக்கொண்டு மலை இறங்கிப் பல வருஷம் ஆகிறது. இதில் சம்பந்தப்பட்ட நாகலூர் மரியபுஷ்பம் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் சரஸ்வதி. சேலத்தில் பிறந்து, ஓட்டல் சமையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்தவள். ஏரிக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு தையல் கடை. அடுத்த கதவு அவருடைய போட்டோ ஸ்டுடியோ. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். என் மிஷின் சத்தம் அவருக்குக் கேட்கும், அவருடைய இருமல் எனக்குக் கேட்கும். இருமலைத் தவிர அந்தப் பக்கத்தில் இருந்து வேறு சத்தம் வந்ததில்லை, ஏனென்றால் பேசுவதற்கு ஆள் கிடையாது.

மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர். அப்பா அம்மா யாரென்று தெரியாது. பெயர்கூட அங்கே வைத்ததுதான். கல்யாணம் செய்துவைக்க யாரும் முன்வரவில்லை, அவராகப் போய்க் கேட்கவும் மாட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். படம் எடுக்க உட்கார்ந்தவரிடம் "தலையைத் தூக்குங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தன் தலையைத் தூக்கிக் காட்டுவார். எதிரே இருப்பவர் புரிந்துகொண்டால் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று கோயில் முன்னால் எல்லாக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார். எடுத்து முடித்ததும் அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். இவர் கடைக்கு வந்து ஸ்டவ் பற்றவைப்பார். வருஷா வருஷம் நான் பார்த்த காட்சி இது. நான் ஒரு தட்டில் எதையாவது கொண்டுபோய் வைப்பேன். "எதுக்குங்க அம்மிணி சிரமம்" என்பார், ஆனால் மீதம் வைக்கமாட்டார்.

அவரை வீடு தேடி வந்து கூப்பிடுவது ஒரே காரியத்துக்குத்தான். எஸ்டேட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒருவர் இறந்துவிட்டால், பெட்டியை வாசலில் வைத்து, சுற்றிலும் சொந்தபந்தம் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்கு வருவார்கள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வருவார்கள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும், முகம் மட்டும் தனியாக. அப்படி ஒரு படம் எந்த வீட்டிலும் இருக்காது. பெரியவர்கள் விடமாட்டார்கள். "ஒத்தையா எடுத்தா அது மாலைக்குத்தான்" என்று ஒரு நம்பிக்கை. ஜோடியாக நிற்பார்கள், குடும்பத்தோடு நிற்பார்கள், தனியாக மட்டும் காமிரா முன்னால் உட்காரமாட்டார்கள்.

ஆகவே யாருடைய கல்யாணப் படத்திலோ மூன்றாம் வரிசையில் நிற்கிற முகத்தை இவர் பிடித்துப் பெரிதாக்க வேண்டும். துவரம்பருப்பு அளவு முகத்தைத் தட்டு அளவுக்கு இழுத்தால் என்ன மிஞ்சும்? சாம்பல் பூசிய மாதிரி ஏதோ தெரியும். கண்ணையும் மூக்கையும் இவர் பிரஷ்ஷால் தீட்டுவார். ஒருமுறை செம்மநத்தத்துப் பெண் ஒருத்தி அப்படி ஒரு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்கய்யா இல்லீங்க" என்றாள். அழக்கூட இல்லை, சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு இவர் ஸ்டவ் பற்றவைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் லென்ஸ் ஆசை வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அவரிடம் இருந்தது எல்லாருக்கும் பொதுவான ஐம்பது எம்.எம். லென்ஸ். அதை வைத்து முகம் மட்டும் எடுக்க வேண்டுமானால் மூச்சுப் படுகிற அளவுக்குக் கிட்டே போக வேண்டும். போனால் மூக்கு முன்னால் வந்துவிடும், காது பின்னால் போய்விடும், யாரை எடுத்தாலும் பூனை மாதிரி இருப்பார்கள். சேலத்தில் அவர் பிலிம் வாங்குகிற கடைக்காரர், பழகின மனுஷன் என்பதால், கைமாறி வந்த இரண்டு லென்ஸைக் கொடுத்து, பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். ஒன்று எண்பத்தைந்து, குட்டையாக, தடியாக இருந்தது. இன்னொன்று நூற்று முப்பத்தைந்து, கையளவு குழாய். இரண்டும் முன்னே பின்னே இழுக்கிற ஜூம் இல்லை. கிட்டே பார்க்க வேண்டுமானால் ஆள்தான் நடக்க வேண்டும்.

சோதனைக்கு ஆள் நான்தான். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. என் அளவு டேப்பை வாங்கி, என் மூக்கில் இருந்து காமிரா வரைக்கும் பிடித்துப் பார்த்தார். எண்பத்தைந்துக்கு அவர் நின்ற தூரம், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவள் நின்று பேசுகிற தூரம். பக்கத்தில் நின்றதால் அவருக்கு வியர்த்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'சீக்கிரம் எடுங்கண்ணா' என்று சொல்வது அப்படியே விழுந்திருந்தது. அடுத்ததற்குக் குழாயை மாட்டிக்கொண்டு எட்டிப்போய் ரோட்டோரத்து மரத்தடியில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவரை மறந்துவிட்டேன். ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எடுத்திருக்கிறார்.

அந்தப் படத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. பின்னால் இருந்த கடை, துணி எல்லாம் கரைந்துபோய், என் முகம் மட்டும் இருந்தது. யாரும் பார்க்காதபோது நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே அதுவரை தெரியாது. இவ்வளவு களைத்துப்போயிருக்கிறேனா என்றிருந்தது.

ஆனாலும் நான் எண்பத்தைந்தைத்தான் வாங்கச் சொன்னேன். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருந்தார். அது வெளிச்சத்தை நன்றாக வாங்கும். மலையில் பாதி நாள் பனிமூட்டம், குழாயை வைத்துக்கொண்டு அதில் என்ன தெரியும்? கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும் என்று அவரே சொன்னார்.

"பின்ன எதுக்குங்கண்ணா இது?" என்றேன்.

"கிட்டப் போனா அவிங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடமுங்க அம்மிணி. இதுன்னா தள்ளி நின்னே பார்த்துக்கலாம்."

"காலம்பூரா தள்ளியே நிக்கப் போறீங்களா?"

அவர் குழாயின் கண்ணாடியைத் துடைத்தார். எண்பத்தைந்து சேலத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம், சந்தை, காப்பிக் கொட்டை காயப்போடுகிற களம் என்று அவர் அதைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். மரத்தில் சாய்ந்து, மூச்சை அடக்கி, வெயில் ஒரு கீற்று விழுகிற வரைக்கும் காத்திருப்பார். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. நாளைக்கு ஒருவர் போய்விட்டால் அந்த வீட்டுக்கு ஒரு முகம் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். நல்லதுக்குத்தான் காலம் இல்லையே!

ஒருநாள் மின்சாரம் போய், மெழுகுவத்தி கேட்டு அவர் கடைக்குள் போனபோது, படம் கழுவுகிற டார்க் ரூம் கதவு திறந்திருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவர் முழுக்க முகங்கள். பிடித்த முகங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். "சும்மாதானுங்க, வேலை செய்யறப்ப ஆள் இருக்கற மாதிரி இருக்கும்" என்றார். நடுவில் இருந்தது நாகலூர் சூசைமாணிக்கம் ஐயாவின் படம். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையாட்கள் அவர் செருப்புச் சத்தத்துக்கே நடுங்குவார்கள். அந்த மனுஷன் படத்தில் கண் இடுங்க, ஓட்டைப்பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்திலேயே சூசைமாணிக்கம் ஐயா மாரடைப்பில் இறந்துபோனார். சேதி கேட்டதும் நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே நாகலூருக்குப் போய்விட்டார். யாரும் கூப்பிடும் முன்னால், பெட்டி வரும் முன்னால், சட்டமும் கண்ணாடியும் போட்ட படத்தோடு துக்க வீட்டில் போய் நின்றார். படத்தைப் பார்த்ததும் பெரியவரின் மனைவி மரியபுஷ்பம் அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கதறினார். அதுவரைக்கும் சரிதான். மருமகன் கிறிஸ்துதாஸ்தான் கேட்டார்: "ஏனுங்க, இவர் போயி இன்னும் ஒரு நாள் ஆகலையே, அதுக்குள்ள எப்படிச் சட்டமெல்லாம் போட்டீங்க?"

"முன்னாலயே போட்டு வெச்சிருந்தேனுங்க" என்றிருக்கிறார் இவர்.

அங்கே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். "அய்யோ அண்ணா, இப்பத்தான் அவசரமாப் போட்டேன்னு ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்றேன். அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

அடுத்து செம்மநத்தத்தில் ஒரு பாட்டி காய்ச்சலில் போனது. சந்தையில் அதையும் இவர் எடுத்திருந்தார். அதன் மகன் வந்து கேட்டபோது படம் தயாராக இருந்தது. அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. குழாயைத் திருப்பினால் ஆள் காலி என்று மலை முழுக்கப் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவர் எடுத்தவர்களில் சாகாமல் குத்துக்கல் மாதிரி இருந்தவர்கள் எத்தனையோ பேர், நான் உட்பட. அதை யார் எண்ணினார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவர் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று திட்டினார். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டிய, பூசைக்கு உதவி செய்கிற கோயில்பிள்ளையே வெளியில் இவரைக் கண்டதும் வெயிலில்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குச் சேலத்தில் இருந்து ஆள் வரவழைத்தார்கள். சாவுக்கும் அப்படியே. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வேறொருவர் படம் எடுத்தார். இவர் கூட்டத்தில் போய் நிற்கவும் துணியாமல் தூரத்தில் நின்றுவிட்டு வந்தார். கிறிஸ்துதாஸ் ஒருநாள் செய்தித்தாளில் சுற்றிய படத்தைக் கொண்டுவந்து என் கடையில் வைத்தார். "அவருகிட்டக் குடுத்துருங்க. ஊட்டுல இருக்க வேண்டாங்கறாங்க" என்றார். படக்கடை பக்கத்துக் கதவுதான். அங்கே போக அவருக்குக் கால் வரவில்லை.

படத்தைக் கொடுக்கப் போனபோது நான் கத்திவிட்டேன். "ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டு எடுத்தீங்களா? திருடன் மாதிரி மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு எடுத்தா இப்படித்தான் பேசுவாங்க!"

அவர் செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தார். பிறகு, "சூசைமாணிக்கம் ஐயா பார்த்துட்டாருங்க" என்றார்.

"என்ன?"

"நாகலூர்க் கோயில் வாசல்ல. நான் குழாயை வெச்சுட்டு நிக்கறதைப் பார்த்துட்டாரு. திட்டப் போறாருன்னு நினைச்சேனுங்க. சிரிச்சாரு. அப்புறம் கையைத் தூக்கி, எடு எடுன்னு காட்டினாரு."

உள்ளே போய் நெகட்டிவைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். சிரிக்கிற முகத்துக்கு அடுத்ததில், பெரியவர் கையை நேராகக் காமிராவைப் பார்த்து நீட்டியிருந்தார். "என்னையப் பார்த்து அந்த மாதிரி யாரும் சிரிச்சதில்லீங்க அம்மிணி" என்றார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை இது.

எனக்கு உயிர் வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் ஒளிந்து எடுக்கவில்லை, பெரியவரே பார்த்துச் சிரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதை மரியபுஷ்பம் அம்மா பார்த்துவிட்டால் போதும். நாகலூரில் அந்த அம்மா சொல்லுக்கு மதிப்பு உண்டு, அவர் "எங்க ஊட்டுக்காரரே எடுக்கச் சொன்னாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் வாய் அடங்கிவிடும். தைக்கக் கொடுக்க வந்த எஸ்டேட்டுப் பெண்ணிடம், வந்து இன்னொரு படம் பார்த்துவிட்டுப் போகும்படி அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். இவரும் கை நீட்டிய படத்தைப் பெரிதாக்கி ஒரு கவரில் போட்டு வைத்தார். ஸ்டுடியோவைப் பெருக்கினார். புதிதாக ஒரு காப்பி டம்ளர் வாங்கிவந்தார். அவர் கடைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கப் போகிறார் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் பார்த்துத் தாங்க முடியவில்லை.

மரியபுஷ்பம் அம்மா ஒரு சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலில் என் கடையில் உட்கார்ந்து, "நீயும் கூட வா கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்குள் வந்தார். காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்தப் படத்தை ஒருக்கா காட்டுங்க தம்பி" என்றார்.

இவர் சட்டம் போட்ட படத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க தம்பி. இத்தனை வருசம் குடும்பம் பண்ணியிருக்கேன். இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. எஸ்டேட்டுல வெச்சிருக்கற மூஞ்சியை அப்படியே ஊட்டுக்கும் கொண்டாந்துருவாரு. புள்ளைங்ககிட்டக்கூட ஒரு சிரிப்பில்லை. இந்தப் படத்தைப் பார்த்ததுல இருந்து எனக்கு நொம்ப வேதனையா இருக்குதுங்க. நம்மகிட்ட இல்லாத சிரிப்பு வேற யாருக்கு இருந்துச்சு? சுத்தியும் ஒண்ணுந் தெரியலியே. இதுல யாரைப் பார்த்துங்க சிரிக்கறாரு?"

நான் இவரைப் பார்த்தேன். கவர் அவர் கையில்தான் இருந்தது. கொடுங்கள், கொடுங்கள் என்று கண்ணால் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் இல்லாமல், அவ்வளவு பக்கத்தில் அவர் ஒரு முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்களைத்தானுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"பூசை முடிஞ்சு நீங்க வந்துட்டு இருந்தீங்க. எனக்குப் பின்னாலதான் வந்தீங்க. ஐயா உங்களைப் பார்த்துச் சிரிச்சாரு. நடுவுல நான் நின்னுட்டு இருந்தேன், அவ்வளவுதானுங்க."

"நானா? என்னைய எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அட மாதாவே! ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரப்ப எனக்குச் செருப்பு அறுந்துச்சு. ஒத்தச் செருப்பைக் கையில புடிச்சுட்டு நொண்டி நொண்டி வந்தேன். அதைப் பார்த்துட்டுத்தான்! கிறுக்குப் புடிச்ச மனுசன்!"

"ஆமாங்க" என்றார் இவர். அப்புறம் கவரைப் பிரித்து, தன் ஒரே சாட்சியை அந்த அம்மாவிடம் நீட்டினார். "இதுல பாருங்க, கையை நீட்டி உங்களை வான்னு கூப்பிடறாரு."

அந்த அம்மா அழுதார், சிரித்தார், படத்தில் இருந்த கையைத் தடவினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. ஒரே வார்த்தையில் ஊரையே திரும்பப் பெற்றிருக்கலாம். வாழ்நாளில் தனக்கென்று கிடைத்த ஒரு சிரிப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்த மனுஷன், "காப்பி ஆறுதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மரியபுஷ்பம் அம்மா காப்பியைக் குடித்தார். இரண்டு படத்தையும் முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா இருப்பீங்க தம்பி" என்று மனசார வாழ்த்தினார். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். கதவோரம் ஸ்டாண்டில் காமிரா நின்றது. அதில் குழாய் மாட்டியிருந்தது, வாசலைப் பார்த்தபடி. அந்த அம்மா படங்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தேவசிகாமணி அண்ணன் எழுந்துபோய்க் காமிராவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வாசலைத் தாண்டிப் போனார்.